பெயர் மட்டும் இல்லாத பதிவு

என்ன வேலை பார்க்கிறாய் என்று சர்ச்சில் யாராவது கேட்டால், கம்பெனி சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால் அவர்கள் முகம் போகிற போக்கு எனக்குப் பிடிக்காது. உண்மையில் என் வேலையில் பாதி, யாரும் படிக்காத எழுத்தைப் படிப்பது. சர்வருக்குள் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் உள்ளே வந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார், எதை அழித்தார் என்று ஓயாமல் எழுதுவான். அந்த எழுத்துக்கு ஆடிட் லாக் என்று பெயர். நல்ல காவல்காரன்தான். எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்ற விவரம் மட்டும் அவனுக்குப் போதாது. சொல்லிவைக்காவிட்டால் ஈ பறந்ததையும் எழுதிவைப்பான்.

மும்பை விக்ரோலியில் அப்போது நான் இருந்த கம்பெனி, ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் காப்பீட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்து சரிபார்த்து அனுப்பும் கம்பெனி. அதன் சர்வரில் இந்த ஈக்கள் மொய்த்தன. சர்வர் தனக்குத் தேவையான மென்பொருள் உறுப்பு ஒன்றை ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், தன் நினைவுக்குள் சில நிழல் கோப்புகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அவை வட்டில், அதாவது டிஸ்கில், கிடையாது. மனிதர் யாரும் தொடுவதில்லை. காவல்காரன் அவை ஒவ்வொன்றின் பெயரையும் வரிசையாக எழுதுவான். பக்கம் பக்கமாக ஒரே ஜாடையில் வரிகள். நடுவில் எங்கேயோ ஒரு மனிதர் செய்த ஒரு காரியம். காலையில் காபியோடு அதைத் திறந்தாலே எனக்குக் குமட்டும். வெள்ளம் வடிந்த பின் குர்லாப் பக்கம் கழிவுநீர்க் கால்வாயை எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் குமட்டல் தெரியும்.

இதற்கு மருந்து ஒரே ஒரு வரி. இன்ன வகைக் கோப்பமைப்பில், அதாவது கோப்புகள் குடியிருக்கும் இன்ன வகை இடத்தில், நடப்பதன் பெயர்களை எழுதாதே என்று காவல்காரனுக்குக் கட்டளை. அந்த வகையைப் பெயராலும் சொல்லலாம், அதற்கென்று உள்ள ஓர் எண்ணாலும் சொல்லலாம். நான் அந்த வரியை எழுதினேன். சோதனை சர்வரில் போட்டுப் பார்த்தேன். நிழல் கோப்புகள் போயின, மனிதர் காரியங்கள் அப்படியே நின்றன. எழுதி மேலாளருக்கு அனுப்பினேன்.

மேலாளர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். அப்பா, தாத்தா எல்லோரும் ஆபீஸ் உத்தியோகம். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. என் கடிதத்தைப் படித்துவிட்டு, "ரொம்ப நன்னா எழுதியிருக்கேள். ஆனா பாருங்கோ, சர்வர்ல கை வைக்கிறது இனிமே வெண்டரோட ஸ்கோப். நாம டச் பண்ண வேண்டாம்" என்றார். வெண்டர் என்றால் ஒப்பந்தத்துக்கு எடுத்த வெளிக் கம்பெனி. அந்த மாதம்தான் என்னுடைய அனுமதிகளைப் பிடுங்கி அவர்களிடம் கொடுத்திருந்தார்கள். வரியை எழுதிக் கொடுத்த நான், அதைப் போட்ட பிறகு லாக்கின் அளவை மட்டும் பார்க்கலாம், உள்ளே எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

வெண்டர் பையன் போட்டான். போட்ட மறுநாளே லாக் சுருங்கிவிட்டது. நான் சோதித்ததில் இவ்வளவு சுருங்கவில்லை. போட்ட வரியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பையன் தொலைபேசியில் இந்தியில், சைஸ் குறைந்துவிட்டதே மேடம், அதைத்தானே கேட்டீர்கள் என்று சிரித்தான். மேலாளரிடம் போனேன். "குறையலேன்னாலும் கம்ப்ளைன்ட், குறைஞ்சாலும் கம்ப்ளைன்டா? ஏன் இப்படி எப்பவும் நெகட்டிவா இருக்கேள்?" என்றார். கோபம் மூக்கு நுனியில் நிற்கும் ஆள் நான். அன்றைக்கு அடக்கிக்கொண்டேன்.

அதற்கு ஒரு கூட்டம் வேறு. பெரிய திரையில் லாக்கின் அளவைக் காட்டும் ஒரு கோடு மேலிருந்து கீழே விழுந்து கிடந்தது. அதுதான் சாதனையாம். "தாராவியில நம்மவா குப்பையைத் தரம் பிரிக்கிறா இல்லையா, அதே டெக்னிக்" என்று சொல்லி, ஸ்கேன் மேஜைக்காரியைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். அறை முழுவதும் சிரித்தது. தாராவி என்ற சொல் காதில் விழுந்தால் இவர்களுக்கு வேறு நினைவே வருவதில்லை. சீ என்று எழுந்து போகத்தான் தோன்றியது.

ஸ்கேன் மேஜைக்காரி என்னைவிட இரண்டொரு வயது இளையவள். ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த ஊழியர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், தமிழ் முஸ்லிம் குடும்பம். பிறந்ததும் வாழ்ந்ததும் தாராவியில். என் அப்பாவுக்குத் தூத்துக்குடி என்பதால் எங்கள் பேச்சு ஒட்டிக்கொண்டது. ஆபீசுக்குள் மேடம், வெளியே அக்கா. கணவருக்குக் கை சரியில்லாமல் போன பிறகு வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என்னிடம், "எங்க வாப்பா தையக்கடை வச்சிருந்தாருக்கா. குப்பைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? இந்த ஆளு வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றாள்.

அவள் மேஜையில் இருந்த கணினி பழசு. ஒரு ஜன்னல் திறப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் கருப்புத் திரையில் ஒரு வரி அடித்து சர்வரிலுள்ள கோப்பை அழிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். அழகாகப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் கிளம்பும் முன் டக் டக்கென்று சில வரிகள் அடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மேஜையைத் துடைத்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஒரு காலை, ஓர் ஆஸ்பத்திரியின் காகிதங்கள் மொத்தமாக இருந்த ஃபோல்டரைக் காணோம். முந்தைய நாள் மாலை இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி கத்தியது, மேலாளர் வியர்த்தார். வெண்டரை ஏன் கேட்கவில்லையோ, என்னைக் கூப்பிட்டு, லாக்கை மட்டும் திறந்துவிட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அந்த மாலையில் அழித்தல்கள் நிறைய. பெரும்பாலும் சர்வர் தன் சொந்தக் கணக்கில் தானே செய்பவை. நாள் முழுக்க அது எதையாவது அழித்துக்கொண்டேதான் இருக்கும், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மனிதக் கணக்கில் அழித்தது ஒருத்தி மட்டும். ஸ்கேன் மேஜைக்காரி. என்ன நேரம், யார், என்ன செயல் எல்லாம் இருந்தது. எந்தக் கோப்பு என்று சொல்லும் வரி மட்டும் இல்லை. அவளுடையதில் மட்டும் என்றில்லை, அந்த வாரம் முழுவதும் யாருடையதிலும் இல்லை.

"கோப்புப் பேர் இல்லாம இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார். அவ எதை அழிச்சான்னே தெரியாது" என்றேன்.

"பேர் இல்லேன்னா என்ன? ஆள் இருக்காளே" என்றார்.

அவளைக் கூப்பிட்டார்கள். நானும் அறையில் இருந்தேன். மேலாளர் குரலை உயர்த்தவே இல்லை. நேற்று சாயங்காலம் எதையாவது அழித்தாயா என்று கேட்டார்.

"ஆமா சார். என் ஃபைலு சிலது இருந்துச்சு. அழிச்சேன்."

"உன் ஃபைலா? ஆபீஸ் சர்வர்ல உனக்கு என்ன ஃபைல்?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். எதற்கும் பட்டென்று பதில் சொல்லும் வாய். மேலாளர் திரும்பவும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "அந்த ஆஸ்பத்திரி ஃபோல்டர நான் தொடல சார். அது மட்டும் நிச்சயம்" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அறைக்குள் இருந்த மற்றவர்களுக்கு அந்த மௌனமே போதுமாக இருந்தது. கேட் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரை வர வேண்டாம். குற்றம் உறுதியானால் ஏஜென்சி அவளை வேறு எங்கும் அனுப்பாது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதோடு நின்றுவிடும்.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது அவள் மௌனத்தைவிட அந்தப் பெயரில்லாத வரிகள்தான். ஒரு வாரமாகக் காவல்காரன் குருடாகிக் கிடந்திருக்கிறான், ஒருவருக்கும் தெரியவில்லை. விதிகளை நான் பார்த்தே ஆக வேண்டும் என்று சண்டை பிடித்தேன். ஆஸ்பத்திரியின் பயத்தில் மேலாளர் படிக்க மட்டும் அனுமதி வாங்கித் தந்தார். திறந்தேன். என் வரி அங்கே இருந்தது, ஆனால் நான் எழுதிய பெயருக்குப் பதில் ஓர் எண் இருந்தது. அங்கே ஓடிய பழைய பதிப்பு பெயரை ஏற்கவில்லை போலிருக்கிறது. பையன் எங்கிருந்தோ ஓர் எண்ணை எடுத்துப் போட்டிருக்கிறான். அது நிழல் கோப்புகளின் எண் அல்ல. நிஜக் கோப்புகள் அத்தனையும் இருக்கும் முதன்மை வட்டின் வகைக்கான எண். நிழலை எழுதிக்கொண்டே இரு, நிஜத்தின் பெயரை விட்டுவிடு என்று காவல்காரனிடம் சொல்லியிருக்கிறான். சர்வர் நாள் முழுக்கத் தானே தொடும் நிஜக் கோப்புகள் நிழலைவிட அதிகம் என்பதால் லாக் இன்னும் நன்றாகச் சுருங்கியது. அதற்குத்தான் கைதட்டல், அதற்குத்தான் அந்தக் கோடு, அதற்குத்தான் தாராவி டெக்னிக். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டைக் கொளுத்திவிட்டு மூட்டைப்பூச்சியைப் பத்திரமாக வைத்துக்கொண்டவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போய்ச் சொன்னேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வெண்டர் மேட்டர். தனியா டீல் பண்ணிக்கலாம். இப்போ இதைக் கலக்காதேங்கோ."

கலக்குவதாம். போன பெயர்கள் இனி வராது, எழுதாததை யாரும் மீட்க முடியாது. ஆனால் காவல்காரன் இன்னொரு வரியும் எழுதுவான். மனிதரோ நிரலோ ஒரு கட்டளை கொடுத்தால், கொடுத்தது கொடுத்தபடியே அந்த வரியில் இருக்கும், எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீளச் சரமாக. பார்க்கக் கிறுக்கல் மாதிரி இருப்பதால் ஒருவரும் சீண்ட மாட்டார்கள். அதைத் திருப்பி வாசிக்கக் கருவி உண்டு. நான் வாசித்தேன். சர்வர் தன் கணக்கில் செய்த அழித்தல்களைத்தான் முதலில் பார்த்தேன், எல்லோரும் பொருட்படுத்தாமல் விட்டார்களே, அதை. இருந்தது. பழைய ஃபோல்டர்களைக் கூட்டித் தள்ளுவதற்காக வெண்டர் வைத்த ஒரு நிரல், அந்த மாலை, அந்த ஆஸ்பத்திரி ஃபோல்டரின் முழுப் பெயரோடு, அதை அழித்திருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறகு அவள் அடித்த வரிகளையும் வாசித்தேன். அதில் ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி., யாருடைய பென்ஷன் பாரமோ. ஒவ்வொன்றும் யாருடையது என்று தெரிகிற மாதிரி பெயர் வைத்திருந்தாள். கடைசியாக ஒன்று. ஒரு பெண்ணின் பெயர், அதோடு போலீஸ் கம்ப்ளைன்ட் என்று ஆங்கில எழுத்தில்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேரே தாராவிக்குப் போனேன். அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே கூப்பிட்டு, மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டாள். கணவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

"பாத்துட்டியளா" என்றாள். "எங்க வீட்டு லைன்ல ஆபீஸ் வேலைக்குப் போறவ நான் ஒருத்திதான்க்கா. யாருக்கு என்ன பேப்பர்னாலும் எங்கிட்டதான் வரும். ஜெராக்ஸ் கடையில போனா அவன் காப்பி எடுத்து வச்சுக்கிடுதான், யாருக்கு எதுன்னு ஊருக்கே சொல்லுதான். நான் ஸ்கேன் பண்ணி போன்ல அனுப்பிட்டு அன்னைக்கே அழிச்சிருவேன். பேரு போட்டு வைக்கலன்னா யாரோடது எதுன்னு தெரியாதுல்லா."

"அதச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லா? ஸ்கேன் பண்ணதுக்கு ரெண்டு வார்த்தை திட்டுவாங்க. ஃபோல்டர அழிச்ச பழிக்கு அது எவ்வளவோ மேல். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"கடைசி ஃபைலப் பாத்தியளா?"

பார்த்தேன் என்றேன்.

"அது எங்க பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் போட்டு அடிக்கான். போன மாசம் காது கிழிஞ்சு ரத்தம். ஒரு பெண்கள் சங்கத்துல புகாரு எழுதிக் குடுத்திருக்காங்க, அவ கையெழுத்துப் போட்டு எங்கிட்டக் குடுத்தா. அவ எழுதினது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா கொன்னுருவான்க்கா." குரலைத் தாழ்த்தினாள். "புருஷன் யாருன்னு தெரியுமா? நம்ம சாருக்குக் கார் ஓட்டுதாருல்லா, அவருதான்."

மேலாளரின் கார் டிரைவர். கேட்டருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற போகிறவருக்கெல்லாம் வணக்கம் சொல்லிச் சிரிப்பவன். மழை பெய்தால் குடையோடு ஓடி வருவான். என் பையைக்கூட ஒருமுறை தூக்கி வந்தான். அவன் கை பட்ட பை என்று நினைத்ததும் அருவருப்பாக இருந்தது.

"சார் கார்ல ஏறி உக்காந்தாருன்னா வீடு போய்ச் சேருற வரைக்கும் போன்ல ஆபீஸ் விஷயம் அம்புட்டையும் சத்தமாப் பேசுவாரு. பேரும் சொல்லுவாரு. முன் சீட்டுல இருக்கவன் காது என்ன செவிடா? நான் வாயத் தொறந்து, லைன்ல உள்ளவங்க பேப்பருன்னு சொன்னா, யாரு பேப்பரு, என்ன பேப்பருன்னு கேப்பாங்க. எம்பொழப்புக்காக அவ உசுர விடணுமா?"

அந்தப் புகார் ஃபைலை வெளியே எடுக்கவே வேண்டாம், வெண்டர் நிரலின் ஒரே வரியைக் காட்டினால் போதும், உன் பெயர் சுத்தமாகிவிடும் என்று சொன்னேன். அவள் நம்பிக்கையோடு தலையாட்டினாள். மகள் வாங்கி வந்த மாங்காய்ச் சாற்றைக் குடித்துவிட்டு நூற்று எழுபத்தொன்றோ என்னவோ ஒரு பஸ் பிடித்துச் செம்பூரில் என் வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்கத் தெம்பாகத்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை அந்த ஒரு வரியை அச்சடித்து மேலாளர் மேஜையில் வைத்தேன். படித்தார். முகம் சுண்டிப்போயிற்று. வெண்டரைத் தேர்ந்தெடுத்தவர் அவர். கைதட்டல் வாங்கியவரும் அவர்தான். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"இந்த ஒரு லைனை மட்டும் நீங்க எடுத்துண்டு வந்திருக்கேள். அன்னைக்கு சாயங்காலம் மத்தது எல்லாம் எங்கே?"

"இதுதான் சார் சம்பந்தப்பட்டது. ஃபோல்டரை அழிச்சது இதுதான்னு இதுலயே இருக்கு."

"அதை நீங்க எப்படி முடிவு பண்றது? உங்களுக்கு அந்தப் பொண்ணு சிநேகம். லாக்கை நீங்களே ஃபில்டர் பண்ணிட்டு, இது மட்டும்தான் உண்மைன்னா நான் எப்படி நம்பறது? முழுசாக் குடுங்கோ. வேண்டாம், நீங்க குடுக்க வேண்டாம், வெண்டரையே முழுசா டீகோட் பண்ணச் சொல்றேன். அவ அடிச்ச ஒவ்வொரு வரியும் வேணும். எல்லாருமாப் படிச்சுப் பாக்கலாம்."

வடிகட்டியைத் தப்பாகப் போட்டு ஒரு வாரம் குருடாக்கியவர்கள், நான் வடிகட்டுகிறேன் என்று என்னைச் சொன்னார்கள். திருடன் கையில் சாவியைக் கொடுத்து விசாரணைக்கும் அவனையே வைத்தார்கள். வெண்டர் பையனுக்கு அது பத்து நிமிட வேலை, எனக்குத் தெரியும். புதன்கிழமை கூட்டம் என்றார். அன்றைக்கு மாலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். மேலாளர் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே ஏறினார். வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

நான் அவளுக்குப் போன் செய்தேன். மறைக்கவில்லை. புதன்கிழமை எல்லாவற்றையும் வாசிக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். ஏதாவது செய்து நிறுத்தப் பார்க்கிறேன், மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றேன். மறுமுனையில் பிரஷர் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

நான் மேலிடத்துக்கு எழுதி, திருத்தி, அனுப்பலாமா என்று உட்கார்ந்திருந்த செவ்வாய்க்கிழமை காலையில், அவளே ஆபீசுக்கு வந்தாள். கேட்டில் நிறுத்திவைத்து மேலாளரைக் கேட்டு உள்ளே விட்டார்கள். நல்ல துப்பட்டா போட்டிருந்தாள். என் மேஜையைத் தாண்டித்தான் போனாள், என்னைப் பார்க்கவில்லை. அவர் அறையில் நின்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். என் தனிப்பட்ட ஃபைல்களை அழிக்கும்போது கை தவறி ஆஸ்பத்திரி ஃபோல்டரையும் அழித்துவிட்டேன், பயத்தில் சொல்லவில்லை, மன்னிக்கவும் என்று. இந்தியில் எழுதியிருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது.

மேலாளர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் அறையின் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன், கதவு திறந்துதான் இருந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவளுக்குக் கொடுத்தார். போலீசுக்கெல்லாம் போக மாட்டோம், கவலைப்படாதே என்றார். வெண்டரை டீகோட் செய்ய வேண்டாம் என்று அங்கேயே போனில் சொன்னார்.

அவள் போனதும் நான் உள்ளே நுழைந்தேன். "சார், அவ பொய் சொல்றா. உங்க மேஜையிலயே ஆதாரம் இருக்கு. அழிச்சது வெண்டர் ஸ்கிரிப்ட்."

"அவளே கைப்பட எழுதிக் குடுத்துட்டாளே மேடம். அவளைப் பொய்க்காரின்னு சொல்றேளா? அப்படின்னா சொல்லுங்கோ, முழு லாக்கையும் எடுத்துப் பாத்துடலாம்."

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, இன்று வரை எனக்கு விளங்கவில்லை. ஆமாம் என்றால் அவள் விட்டுக்கொடுத்ததெல்லாம் வீணாகும். என் கையில் உண்மை இருந்தது, அதை வைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். மதியம் ஆபீஸ் வாட்ஸாப் குழுவில், பிரச்சினை சுமுகமாக முடிந்தது, எல்லோருக்கும் நன்றி என்று மேலாளர் போட்டார். கீழே கட்டைவிரல்கள் முளைத்தன. வெண்டர் பையன் கைகூப்பும் படம் போட்டிருந்தான். நான் குழுவைவிட்டு வெளியேறினேன். அதையும் நெகட்டிவ் என்றார்கள்.

ஏஜென்சி அவள் பெயரை அடித்துவிட்டது. விதியில் இருந்த தப்பு எண்ணை அந்த வெண்டர் பையனே மாற்றினான், சத்தமில்லாமல். நானும் சில மாதங்களில் சான்பாடாவில் வேறு வேலை தேடிக்கொண்டேன். கிளம்பும் நாளில் அந்த டிரைவர் கேட்டைத் திறந்துவிட்டு, "போயிட்டு வாங்க மேடம்" என்று சிரித்தான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

புது வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் அவளை ஆண்டாப் ஹில்லில் பார்த்தேன். அங்கே மசாலா பாக்கெட் போடும் ஓர் இடத்தில் வேலை. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள், விரல் இடுக்கெல்லாம் மஞ்சள். கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பளம் முன்னே வாங்கியதில் பாதிகூட இல்லை என்றாள். மகள் கல்லூரியை விட்டு டியூஷன் எடுக்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்தாள்.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. "உங்க பக்கத்து வீட்டுக்காரி புகார் குடுத்தாளா?"

"இல்லக்கா. அவன் திருந்திட்டானாம். கொரான்மேல சத்தியம் பண்ணானாம். பேப்பர கிழிச்சுப் போட்டுட்டா."

என்னால் தாங்க முடியவில்லை. நடு ரோடு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "கிழிச்சுப் போட்டாளா? நீ பொழப்ப விட்டு, பேர விட்டு, பிள்ள படிப்ப விட்டு நிக்க. அவ கிழிச்சுப் போட்டுட்டு அவனுக்குச் சோறு வடிச்சுக்கிட்டு இருக்காளா? த்தூ. ஒனக்கு வயிறு எரியலையாட்டி?"

"எரிஞ்சது" என்றாள். "ஒரு வாரம் அவகூடப் பேசல." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "முந்தா நாள் மறுபடி அடிச்சிருக்கான். இந்தப் பக்கம் கன்னம் வீங்கியிருக்கு. நேத்து வந்து வாசல்ல நின்னா. ஒண்ணும் சொல்லல, சும்மா நின்னா. திரும்ப எழுதுவாக்கா. எழுதினா ஸ்கேன் பண்ணணும்லா." என் கையை விடவில்லை. "ஒங்க வீட்ல ஸ்கேன் பண்ற மெஷின் இருக்கா?"

இருக்கிறது என்றேன். உண்மையில் இல்லை. செம்பூரில் இறங்கியதும் முதல் வேலையாகக் கடைக்குப் போய் வாங்கினேன்.